மடிப்புக் கைப்பேசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயர்விலை மடிப்புக் கைப்பேசியை வாங்கலாமா என்று கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. கேட்பவர்களின் தேவைகள் வெவ்வேறாக இருப்பதால் எல்லோருக்கும் பொதுவான ஒரே பதிலைச் சொல்வதற்கில்லை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கி, தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். மூலப் பிரதியை ஒரு பக்கமும் என் பிரதியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு பயணத்தின்போதும் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. விரித்தால் 8 அங்குலம் ஆகும் திரை உண்மையில் பயன்படுமா, அல்லது பார்ப்பவர்களை வியக்க வைப்பதோடு சரியா?

பதில்: தங்களுக்கு நிச்சயம் பயன்படும். இன்று வந்திருக்கும் கடிதங்களில் நான் தயக்கமின்றி ஆம் என்று சொல்லக்கூடியது தங்களுடையது மட்டுமே.

திரையை மூலைக்கு மூலை அளந்து சொல்வது வழக்கமாகிவிட்டதால், சாதாரணப் பெரிய கைப்பேசியின் 6.9 அங்குலத்துக்கும் மடிப்புக் கைப்பேசியின் 8 அங்குலத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றுதான் முதலில் தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. 6.9 அங்குல நீள்திரையின் பரப்பு சுமார் 18 சதுர அங்குலம். விரித்தால் தெரியும், ஏறத்தாழச் சதுரமாக இருக்கும் 8 அங்குல உள்திரையின் பரப்போ சுமார் 32 சதுர அங்குலம். ஒன்றே முக்கால் மடங்கு இடம் கிடைக்கிறது. ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தில் அமைந்த ஒரு பிடிஎஃப் கோப்பைச் சாதாரணக் கைப்பேசியில் அகலத்துக்குப் பொருந்தும்படி திறந்தால், எழுத்து சுமார் 4 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். விரலால் பெரிதாக்கி, வரிக்கு வரி இடமும் வலமும் நகர்த்தித்தான் படிக்க முடியும். அதே கோப்பை மடிப்புக் கைப்பேசியின் உள்திரையில் திறந்தால் எழுத்து ஏறத்தாழ 8 புள்ளி அளவில் நிற்கும். பக்கத்தின் முக்கால் பாகம் ஒரே பார்வையில் தெரியும். சிறிய எழுத்துதான் என்றாலும், நகர்த்தாமல் படிக்கலாம். படிப்பவருக்கு இந்த ஒரு வேறுபாடே பெரிது.

திரையை இரண்டாகப் பகுத்து இரு செயலிகளை அருகருகே வைத்தால், ஒவ்வொரு பாதியும் ஒரு சிறிய கைப்பேசித் திரையின் அகலத்தை எட்டிவிடுகிறது. மூலமும் பெயர்ப்பும் ஒரே சமயத்தில் கண்ணில் படும்; ஒன்றை மறைத்து மற்றொன்றைத் திறக்கும் தொல்லை இல்லை. விசைப்பலகையைத் திரையின் இரு ஓரங்களுக்கும் பிரித்துவைக்கும் வசதியைப் பயன்படுத்தினால், இரு கட்டைவிரல்களாலும் வேகமாகத் தட்டச்சு செய்யலாம். நீண்ட நேரம் எழுத வேண்டுமென்றால் ப்ளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்வதே நல்லது.

எல்லாச் செயலிகளும் பெரிய திரையை நன்றாகப் பயன்படுத்துகின்றன என்று எண்ணிவிட வேண்டாம். கூகுள் நிறுவனம் பெரிய திரைகளுக்கென்றே ஆண்ட்ராய்டு 12எல் பதிப்பை 2022இல் வெளியிட்டது. 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16 பதிப்புக்கென எழுதப்படும் செயலிகள், தாங்கள் நிமிர்ந்த நிலையில் மட்டுமே இயங்குவோம் என்று பெரிய திரையில் அடம்பிடிக்க முடியாதபடி விதிகள் இறுக்கப்பட்டன. இருந்தும், நடுவில் ஒரு குறுகிய பட்டையாக மட்டும் தோன்றி இருபுறமும் கறுப்பாக விட்டுவிடும் செயலிகளும், எழுத்தையும் பொத்தானையும் வெறுமனே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் செயலிகளும் இன்னும் இருக்கின்றன. தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நான்கைந்து செயலிகள் எப்படித் தோன்றுகின்றன என்பதைக் கடையிலேயே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: ஓய்வு பெற்றவன் நான். திரைப்படங்கள் பார்ப்பதற்காகவே பெரிய திரை கொண்ட மடிப்புக் கைப்பேசி வாங்க எண்ணுகிறேன். சரிதானா?

பதில்: ஐயா, அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். உள்திரை ஏறத்தாழச் சதுரம், திரைப்படமோ நீள்சதுரம். 2.39க்கு 1 என்ற அகலத்திரை விகிதத்தில் எடுக்கப்பட்ட படத்தை 8 அங்குல உள்திரையில் ஓட்டினால், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் போக, திரையின் உயரத்தில் பாதிக்கும் குறைவான இடத்தில்தான் படம் தெரியும். அதே படம் 6.9 அங்குலச் சாதாரணக் கைப்பேசியை நீளவாக்கில் பிடித்தால் சற்றே பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். அளவுகோலை வைத்து அளந்தால் விளங்கிவிடும். 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் இணையக் காணொளிகளுக்கும் மடிப்புக் கைப்பேசியில் ஓரளவு ஆதாயம் உண்டு. ஆனால் அந்த ஆதாயத்துக்கு இவ்வளவு விலை தகாது. இதற்குச் செலவிடும் தொகையில் மிகச் சிறு பங்குக்கே 11 அங்குல டேப்லெட் ஒன்று கிடைக்கும். கண்ணுக்கும் அதுவே இதம்.

கேள்வி: லட்சக்கணக்கான முறை மடிக்கலாம் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுகளிலேயே திரை போய்விட்டது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

தொடக்க கால மாதிரிகளுக்கு 2 லட்சம் மடிப்புகள் என்று சொல்லப்பட்டது. சாம்சங்கின் திரைப் பிரிவு 2025இல் தன் புதிய திரைக்கு 5 லட்சம் மடிப்புச் சோதனையை நடத்தியதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு 100 முறை திறந்து மூடினாலும் 2 லட்சத்தை எட்ட ஐந்தரை ஆண்டுகளும், 5 லட்சத்தை எட்ட 13 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். ஆக, மடிப்பதால் ஏற்படும் களைப்பு மட்டுமே எதிரியாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சோதனையில் இயந்திரம் ஒரே வேகத்தில், ஒரே விசையில், தூசியற்ற சூழலில் மடிக்கிறது. நாமோ ஒற்றைக் கையால் ஓரத்தைப் பிடித்து நெம்புகிறோம். பையில் மணலோடும் நூல்துகளோடும் போட்டு வைக்கிறோம். அவ்வப்போது கீழேயும் போட்டுவிடுகிறோம்.

உள்திரையின் கட்டமைப்பைத் தெரிந்துகொண்டால் எதை அஞ்ச வேண்டும் என்பது புரியும். 2020இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி இசட் ஃபிளிப் முதல், பல மாதிரிகளில் மிக மெல்லிய கண்ணாடி பயன்படுகிறது. அதன் தடிமன் தொடக்கத்தில் சுமார் 30 மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் அது வளைகிறது. அதே காரணத்தால் அது தனியாக நின்று அடியைத் தாங்காது. எனவே அதன்மேல் பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டுகிறார்கள். நம் விரல் தொடுவது கண்ணாடியை அன்று, அந்தப் பிளாஸ்டிக்கைத்தான். நகத்தால் அழுத்தினாலே அதில் தடம் விழக்கூடும். சாவியும் நாணயமும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடும் முன் உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சிறு மணல்துகள் திரையின் இரு பாதிகளுக்கும் இடையே அகப்பட்டு, மூடிய கைப்பேசியின்மீது அழுத்தமும் விழுந்தால், அந்தப் புள்ளியிலிருந்தே பழுது தொடங்கிவிடும். கடுங்குளிரில் பிளாஸ்டிக்கும் பசையும் விறைத்துப்போவதால், உறைநிலைக்குக் கீழான இடங்களில் வெடுக்கென்று விரிப்பதும் ஆபத்தே.

இந்தப் படலத்தைப் பற்றி இன்னொரு செய்தி. 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டு விமர்சகர்களின் கைக்குப் போனபோது, சிலர் அதை மற்றக் கைப்பேசிகளில் ஒட்டிவரும் பாதுகாப்புத் தாள் என்று எண்ணி உரித்துவிட்டார்கள், திரை செயலிழந்தது. வேறு சிலருடைய கருவிகளில் இரு பாதிகளையும் இணைக்கும் கீலின் இடைவெளி வழியாகத் துகள்கள் புகுந்து திரையை உள்ளிருந்து உந்தின. ஏப்ரலில் நடக்கவிருந்த விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. பின்னர் படலத்தின் ஓரம் சட்டத்துக்குள் மறையுமாறு மாற்றியமைக்கப்பட்டது.

ஓரிரு ஆண்டுகள் பயன்படுத்திய பின் மேல்படலம் மடிப்பு ஓடும் இடத்தில் பசைவிட்டு, நீளமான காற்றுக் குமிழியாக எழும்புவதைப் பலர் கண்டிருப்பார்கள். திரை போய்விட்டதோ என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அந்தப் படலத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அதைத் தாங்களே உரிக்கவோ, கடைகளில் கிடைக்கும் மலிவான தாளை ஒட்டவோ கூடாது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொள்வதுதான் முறை. குமிழியை விரலால் தடவித் தடவித் தள்ளிக்கொண்டிருந்தால், அடியில் தூசி சேர்ந்து, மாற்றுவதற்குள் கண்ணாடியில் விரிசல் விட்டுவிடக்கூடும்.

நீரைப் பொறுத்தவரை நிலைமை ஓரளவு நிம்மதி தருகிறது. 2021இல் வந்த சாம்சங்கின் ஃபோல்டு 3 முதற்கொண்டு நீர்த்தடுப்பு இருக்கிறது. தூசிதான் நீண்ட காலம் தீராத தலைவலியாக இருந்தது. ஐபி48 என்ற குறியீட்டில் முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் நீரையும் குறிக்கும். 4 என்றால், 1 மில்லிமீட்டரைவிடப் பெரிய திடப்பொருள் மட்டுமே தடுக்கப்படும் என்று பொருள். நுண்மணலுக்கு அது தடையே அன்று. தூசியை முற்றிலும் தடுக்கும் 6 என்ற எண்ணைக் கொண்ட ஐபி68 தரத்தை எட்டிய முதல் மடிப்புக் கைப்பேசி, 2025இல் வந்த கூகுளின் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு. வாங்கும்போது பெட்டியில் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். 8 என்பதை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு 4ஐ விழுங்கிவிடும் விற்பனையாளர்கள் உண்டு.

தங்கள் நண்பரின் திரை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் போனால் என்ன ஆகும் என்பது தெரியும். பல மாதிரிகளில் உள்திரையைத் தனியாக மாற்ற இயலாது. கீலும் சட்டமும் சேர்ந்த தொகுப்பாகத்தான் மாற்றுவார்கள். கருவிக்குச் செலவிட்ட தொகையில் கணிசமான பங்கை மறுபடியும் கொடுக்க நேரிடும். மடிப்புக் கைப்பேசி வாங்குபவர் திரைக் காப்பீட்டையும் சேர்த்தே விலையாகக் கருத வேண்டும் என்பேன். அந்தக் கூட்டுத் தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் வாங்காமல் இருப்பதே மேல்.

கேள்வி: நடுவில் தெரியும் மடிப்புக் கோடு எரிச்சலூட்டாதா?

பதில்: முதல் வாரம் கண் அதையே தேடும், பிறகு மறந்துவிடும். கீலுக்குள் திரை நீர்த்துளி வடிவில் அகலமாக வளையும் அமைப்பு வந்தபின் கோட்டின் ஆழம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆப்போ நிறுவனம் 2021இன் இறுதியிலும் சாம்சங் 2023இலும் இந்த அமைப்புக்கு மாறின. வெண்ணிறப் பக்கத்தைப் படிக்கும்போது கோடு தென்படாது. கறுப்பான காட்சிகளிலும், பக்கவாட்டில் ஒளி விழும்போதும் தெரியும்; விரல் ஓடும்போது ஒரு பள்ளத்தை உணரலாம். இதை முன்னிட்டு ஒருவர் வாங்காமல் இருக்கத் தேவையில்லை.

கேள்வி: அதே விலைக்குக் கிடைக்கும் சாதாரண உயர்ரகக் கைப்பேசியோடு ஒப்பிட்டால் கேமராவும் பேட்டரியும் எப்படி?

பதில்: பொதுவாக ஒரு படி கீழே. காரணம் தடிமன். கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 விரித்த நிலையில் 4.2 மில்லிமீட்டர்தான். ஒரு நல்ல டெலிபோட்டோ லென்சுக்கும் பெரிய சென்சாருக்கும் ஆழம் தேவை. அவ்வளவு ஆழம் இந்த உடலில் இல்லை. எனவேதான் அதில் முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல் ஆனாலும், தொலைவை நெருக்கிக் காட்டும் லென்ஸ் 3 மடங்கோடு நின்றுவிடுகிறது. அதே நிறுவனத்தின் சாதாரண உயர்ரகக் கைப்பேசியான எஸ்25 அல்ட்ராவில் 5 மடங்கு லென்ஸ் இருக்கிறது. பேட்டரியிலும் அப்படியே. பேட்டரி இரு பாதிகளிலும் இரண்டு மெல்லிய துண்டுகளாகப் பிரிகிறது. ஃபோல்டு 7இல் மொத்தம் 4,400 எம்ஏஹெச். எஸ்25 அல்ட்ராவில் 5,000 எம்ஏஹெச். குறைந்த கொள்ளளவு, ஒன்றே முக்கால் மடங்கு பரப்புள்ள திரைக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சீன நிறுவனங்கள் சில, அதே இடத்தில் கூடுதல் மின்சாரத்தைச் சேமிக்கும் சிலிக்கான்-கார்பன் பேட்டரியைக் கையாண்டு இந்தக் குறையை ஏறத்தாழப் போக்கிவிட்டன. ஆப்போவின் ஃபைண்ட் என்5இல் 5,600 எம்ஏஹெச் இருக்கிறது.

எடையில் மட்டும் பழைய குறை நீங்கிவிட்டது. 2022இன் ஃபோல்டு 4இன் எடை 263 கிராம். ஃபோல்டு 7இன் எடை 215 கிராம். எஸ்25 அல்ட்ராவின் 218 கிராமைவிடச் சற்றுக் குறைவு.

கேமராவில் மடிப்புக்கே உரிய ஓர் ஆதாயமும் உண்டு. பாதி மடித்து மேசைமேல் வைத்தால் முக்காலி இல்லாமலே அசையாமல் நிற்கும். இரவுக் காட்சிகளுக்கு அது கைகொடுக்கும். விரித்துத் திருப்பிப் பிடித்தால் வெளித்திரையில் தங்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்புற முதன்மைக் கேமராவால் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் உடைகளில் பை சிறியது. புத்தகம்போல விரியும் வகையைவிட, நடுவில் குறுக்காக மடியும் சிறிய ஃபிளிப் வகை எனக்கு ஏற்றதா?

பதில்: ஏற்றதே, அம்மா. ஆனால் இரண்டும் வெவ்வேறு தேவைகளுக்கானவை. புத்தக வகை, கைப்பேசியைப் பெரிதாக்குகிறது. ஃபிளிப் வகை, சாதாரணக் கைப்பேசியைச் சிறிதாக்குகிறது. ஃபிளிப்பை விரித்தாலும் வழக்கமான நீள்திரைதான் கிடைக்கும். கூடுதலாகப் படிக்கவோ எழுதவோ இடம் இராது. விலை கணிசமாகக் குறைவு. பல மாதிரிகளில் டெலிபோட்டோ லென்ஸ் கிடையாது. முன்பெல்லாம் வெளித்திரை மணி பார்க்க மட்டுமே பயன்பட்டது. இப்போது மேல்பாதி முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டதால், செய்திக்குப் பதில் அனுப்புவதையும் அழைப்பை எடுப்பதையும் விரிக்காமலே செய்துவிடலாம். மடித்தால் தடிமன் இரட்டிப்பாகும் என்பதால், இறுக்கமான பையில் அது புடைத்துத் தெரியும். வாங்கும் முன் கடையில் உள்ள மாதிரியைத் தங்கள் பையில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் தந்தையின் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்கள். அவருக்கு இந்தக் கைப்பேசியைப் பரிசளிக்கலாமா?

பதில்: மடித்த நிலையில் இரு பாதிகளும் ஒட்டி நிற்பதற்காக இவற்றில் காந்தங்கள் வைத்திருக்கிறார்கள். உடலுக்குள் பொருத்தப்பட்ட மருத்துவக் கருவிகளுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். இத்தகைய கருவிகளிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. சட்டையின் மார்புப் பையில் கைப்பேசியை வைக்கும் பழக்கம் தங்கள் தந்தைக்கு இருந்தால் வேறு பரிசைத் தேர்ந்தெடுங்கள். எப்படியாயினும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: புதிதாக வாங்க வசதியில்லை. ஓராண்டு பயன்படுத்தியதை ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: மடிப்புக் கைப்பேசிகளின் மறுவிற்பனை விலை சாதாரண உயர்ரகக் கைப்பேசிகளைவிட வேகமாகச் சரிகிறது. விற்பவருக்கு அது இழப்பு. தங்களைப் போன்றவருக்கு வாய்ப்பு. இருந்தாலும் விலை ஏன் சரிகிறது என்பதை மறக்க வேண்டாம். 2024இன் ஃபோல்டு 6 முதல் 7 ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்பாடு தருவதாகச் சாம்சங் வாக்களிக்கிறது. ஆனால் உத்தரவாதம் ஓரிரு ஆண்டுகளோடு முடிந்துவிடும். மென்பொருள் இளமையாகவே இருக்க, திரையைப் பற்றிய பொறுப்பு முழுவதும் தங்கள் தலையில் விழும் ஆண்டுகளைத்தான் தாங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். எஞ்சிய உத்தரவாதமும் காப்பீடும் தங்கள் பெயருக்கு மாறுமா என்பதை முதலில் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாறாது என்றால் பாதி விலையும் அதிகமே.

நேரில் பார்க்கும்போது அவசரப்பட வேண்டாம். அமைதியான இடத்தில் காதருகே வைத்து மெல்லத் திறந்து மூடுங்கள். மணல் நெரிபடும் ஓசை கேட்டால் கீலுக்குள் துகள் புகுந்திருக்கிறது என்று பொருள். இடையில் எந்தக் கோணத்தில் விட்டாலும் நிற்கும் என்று சொல்லப்படும் மாதிரியானால், அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். தளர்ந்து விழுந்தால் கீல் தேய்ந்துவிட்டது. முழுவதும் விரித்து மேசைமேல் வைத்தால் சமதளமாகப் படிய வேண்டும். நடுவில் கூரைபோல் எழும்பி நின்றால் விலகிவிடுங்கள். பிறகு திரை முழுவதும் வெண்மையாகவும், அடுத்து முழுவதும் கறுப்பாகவும் இரு படங்களைத் திறந்து, மடிப்பின் இரு முனைகளையும் உற்றுப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அந்த முனைகளில்தான் தொடங்கும். கறுப்புத் திரையில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தாலும் வேண்டாம். மேல்படலம் எழும்பியிருந்தால் அதை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இறுதியாக, ஒரு செயலியின் சின்னத்தை விரலால் பிடித்து, விடாமல், மடிப்புக்குக் குறுக்கே மேலிருந்து கீழ்வரை பல இடங்களில் இடமும் வலமுமாக இழுத்துச் செல்லுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் சின்னம் விரலைவிட்டு நழுவினால், அந்த வரியில் தொடு உணர்வு போய்க்கொண்டிருக்கிறது. விற்பவர் என்ன விலை சொன்னாலும் அதை வாங்காதீர்கள்.